மூக்கம்மாள் பாட்டில் பானுவின் பெயர்

யோகராஜின் ஜீப்பில் முன்சீட்டு எனக்குத்தான். எழுதிக் கொடுத்த உரிமை ஒன்றும் கிடையாது. காலையில் எவளாவது எனக்கு முன்னால் ஏறி அதில் உட்கார்ந்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அவளே எழுந்து பின்னால் போய்விடுவாள். ஈஸ்வரியிடம் யார் வாய் கொடுப்பது என்று எனக்குப் பின்னால் பேசிக்கொள்வார்களாம். நன்றாகப் பேசட்டும்.

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் பறிக்கப் போகிறவர்களை ஏற்ற எத்தனையோ ஜீப்புகள் உண்டு. எங்கள் ஜீப்பில் மட்டும் ஒரு வழக்கம். அடிவாரத்து முந்தல் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவில் பாட்டு ஆரம்பிக்கும். ஆளுக்கு ஒரு பாட்டு. கூட வருகிற பேச்சியின் பாட்டு ஓடும்போது மற்றவள் 'மாத்து' என்று சொல்லக் கூடாது. பிடிக்கவில்லையென்றால் பள்ளத்தாக்கை வேடிக்கை பார்க்கலாம்.

யார் பாட்டு எது என்று தகராறு வராமலிருக்க யோகராஜ் ஒரு வேலை செய்திருந்தான். பாட்டுக் கோப்புக்குள்ளேயே தலைப்புக்கு ஓர் இடம், பாடகர் பெயருக்கு ஓர் இடம் என்று இருக்கிறதாம். அதை டேக் என்பான். பாடகர் இடத்தில் பாடியவர் பெயரைத் தூக்கிவிட்டு, பாட்டுக்கு உரியவள் பெயரைப் போட்டுவிட்டான். ஆகவே எங்கள் ஜீப்பின் திரையில் பேச்சி பாடுவாள், நான் பாடுவேன், மூக்கம்மாள் பாடுவாள். பேச்சிக்குக் கட்டை ஆம்பளைக் குரல். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

இதையும் அவன் மற்றவர்களைப் போல மவுசைத் தட்டிச் செய்ய மாட்டான். மடிக்கணினியை பானெட் மேல் வைத்து, கறுப்புத் திரையைத் திறந்து, கட்டளையை எழுத்து எழுத்தாக அடிப்பான். அடிக்கும்போது வாய்விட்டும் சொல்வான். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம். பாட்டெல்லாம் ஃபிளாக் கோப்புகள். பழைய சிடிகளைத் தேடி வாங்கி, ஒலி ஒரு சொட்டும் குறையாமல் அவனே எடுத்து வைத்தவை. "எம்பித்ரீல உறுமிச் சத்தம் செத்துப் போகுதுக்கா" என்பான். ரெண்டாவது கியரில் டீசல் ஜீப்பு உறுமுகிற உறுமலில் எந்த உறுமி கேட்கப் போகிறது என்று நான் கேட்டால், இரண்டு நாள் என்னோடு பேச மாட்டான்.

கம்ப்யூட்டருக்கு இத்தனை கட்டளை போடுகிறவனுக்கு பானுப்பிரியாவிடம் ஒரு வார்த்தை வராது.

பானு மூக்கம்மாளின் மகள். இந்த வருஷம்தான் தோட்டத்து ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்து, அம்மாவோடு எங்கள் ஜீப்பில் வர ஆரம்பித்தாள். மூக்கம்மாள் யோகராஜுக்கு அத்தை முறை. கட்டிக் கொடுக்க எந்தத் தடையும் இல்லை, மூக்கம்மாளின் வாயைத் தவிர. "வளைவுல வண்டி ஓட்டுறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, அவென் வந்து சேர்ற வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு அவ வாசல்ல நிக்கணுமா?" என்று ஒருநாள் ஜீப்பிலேயே பொதுவாகச் சொன்னாள். யோகராஜ் காதில் விழாதவன் மாதிரி ஓட்டினான். காது மட்டும் சிவந்துபோனது.

பானுவுக்குப் பாட்டு கிடையாது. முதல் நாளே கேட்டேன். "வேணாங்க்கா, எல்லார் பாட்டையும் கேட்டுக்கிட்டு வர்றேன்" என்றாள். ஆனால் புல்லாங்குழலில் தொடங்கும் ஒரு பாட்டு வரும்போது மட்டும் அவள் உதடு அசையும். அது யாருக்கும் ஒதுக்காத பாட்டு, மலையுச்சி மெட்டு நெருங்கும்போது சும்மா ஓடுவது. கண்ணாடியில் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே அவன் வளைவைத் திருப்புவதை நான் முன்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். அத்தனை பேர் உயிரும் அந்த உதட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பாட்டில் பானு பெயரைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தான். வாயால் சொல்ல முடியாததைத் திரை சொல்லட்டும் என்ற எண்ணம். மறுநாள் காலை ஜீப்புக்கு ஆள் சேரும் நேரத்தில், பானெட் மேல் வைத்து அவசரமாக அடித்தான். முதலிலிருந்து அடிக்கச் சோம்பல். மேல் அம்புக்குறியைத் தட்டி முந்தைய கட்டளையை வரவழைத்து, அதில் டேக்கையும் பெயரையும் மட்டும் மாற்றினான். பாடகர் டேக்கை நீக்கு, பானுப்பிரியா என்று போடு. என்டர்.

முந்தைய கட்டளை ஜீப்பின் பெயரை எல்லாப் பாட்டிலும் ஆல்பமாகப் போடுவதற்கு அடித்தது. அதன் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. அந்தக் குறிக்கு, இங்கே இருக்கிற எல்லாக் கோப்புக்கும் என்று அர்த்தமாம். பெயரை மாற்றியவன் நட்சத்திரத்தை மாற்ற மறந்துவிட்டான்.

முதல் வளைவு. பேச்சியின் பாட்டு. திரையில் பானுப்பிரியா.

"அடியே, எம் பாட்ட எப்படி இவ பாடுறா?" என்றாள் பேச்சி.

அடுத்தது என் பாட்டு. அதிலும் பானுப்பிரியா. பின்னால் கொல்லென்று சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யோகராஜ் என்னைப் பார்த்தான். இறங்கி ஓடிவிடலாமா என்பது போன்ற பார்வை. ஓட்டுகிறவன் எங்கே ஓடுவது?

மூன்றாவது மூக்கம்மாள் பாட்டு. உடுக்கை அடியோடு வரும் அம்மன் பாட்டு. மூக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் திரையில் தினமும் பார்த்துப் பார்த்து, தன் பெயர் எப்படி இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். உடுக்கை அடித்ததும் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். பெயரைப் பார்த்ததும் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வாள். அன்றைக்கும் எட்டிப் பார்த்தாள். சாயவில்லை.

"என்னடி எழுதியிருக்கு?"

"ஒம் மக பேருதேன்" என்றாள் பேச்சி, வாயைப் பொத்திக்கொண்டு.

மகள் பெயரை ஊரறியப் போட்டதற்காக அவள் கத்துவாள் என்று நினைத்தோம். அவளுக்கு அது தோன்றவே இல்லை. "எம் பேர எடுத்துப்புட்டானா?" என்றாள். "கல்யாணப் பத்திரிகையிலகூட எம் பேரு ஒழுங்கா வரல. இங்கனதேன் இருந்துச்சு." அதைக் கேட்டதும் எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

தோட்டத்தில் இறங்கியதும் மூக்கம்மாள் யோகராஜ் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏ டிரைவரு, இனி ஒன் ஜீப்பில நானும் ஏறல, எம் மகளும் ஏற மாட்டா. காசிராஜன் வண்டில போய்க்கிறோம்." காசிராஜன் வண்டியில் பாட்டே கிடையாது, அவன் செல்போன் பேச்சுத்தான் பாட்டு. அதற்குப் போகிறேன் என்றால் அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

யோகராஜ் சாப்பிடவில்லை. டேக்குகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளவும் கட்டளை உண்டாம், இவன் எடுத்து வைக்கவில்லை. "அத்தைய ஏத்தாமப் போனா பானுவும் போச்சுக்கா" என்று மட்டும் சொன்னான்.

சாயங்காலம் மூக்கம்மாள் சொன்னபடி காசிராஜன் ஜீப்பில் மலையிறங்கிப் போய்விட்டாள். எங்கள் ஆட்கள் பழைய பெயர்களைத் திரும்பப் போட பானெட்டைச் சுற்றி நின்றுகொண்டு, எந்தப் பாட்டு தன்னுடையது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பேச்சிக்கு திடீரென்று இரண்டு பாட்டு. குத்துப் பாட்டு ஒன்றுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். பழைய சோகப் பாட்டை வைத்திருந்தவள் அது தனக்கு எப்போதுமே கிடையாது என்று சாதித்தாள். நான்கூட எனக்கு வேறு நல்லதாக ஒன்று கேட்டுப் பார்த்தேன். கெட்ட நேரத்திலும் ஆதாயம் பார்க்காவிட்டால் எப்படி?

அப்போது ஸ்டோரிலிருந்து பானு வந்தாள். அவள் வேலை முடியத் தாமதமாகியிருந்தது, காசிராஜன் ஜீப்பு அதற்குள் போய்விட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மடிக்கணினியைப் பார்த்தாள்.

"நான் சொல்றேன், நீங்க அடிங்க" என்றாள் யோகராஜிடம். அவர்கள் இருவரும் நேராகப் பேசி அன்றுதான் பார்க்கிறேன்.

"மொத அம்மா பாட்டு. அத வெரசாப் போடுங்க."

போட்டான். மூக்கம்மாள் என்று தப்பில்லாமல் இருக்கிறதா என்று அவளே குனிந்து படித்துப் பார்த்தாள். பிறகு வரிசையாகச் சொன்னாள். பேச்சிக்கு ஒன்றுதான். சோகப் பாட்டு உரியவளுக்கே திரும்பியது. என்னிடம் வந்ததும், "ஈஸ்வரிக்கா, ஒங்களுக்கு அந்த நாதஸ்வரப் பாட்டு" என்று சிரித்தாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. தனக்கென்று ஒரு பாட்டு இல்லாததால் எல்லார் பாட்டையும் கேட்டுக்கொண்டு வந்தவள் அவள். அவளிடம் எங்கள் புளுகு செல்லவில்லை.

கடைசியில் புல்லாங்குழல் பாட்டு மட்டும் மிஞ்சியது. அதில் பானுப்பிரியா என்று இருந்தது.

"இதுல எம் பேரத்தேன் போட நெனச்சீகளா?"

யோகராஜ் தலையாட்டினான்.

"ஒரு பாட்டுக்கு ஒரு பேருதேன் போட முடியுமா?"

டேக் பற்றிக் கேட்டதும் அவனுக்கு நாக்கு வந்துவிட்டது. "இல்ல, எத்தன வேணா போடலாம். பழசை நீக்கச் சொல்லாம, போடுன்னு மட்டும் சொன்னாப் போதும். மொதப் பேரு அப்படியே இருக்கும். ரெண்டாவது கூடச் சேந்துக்கிரும்" என்று கடகடவென்று ஒப்பித்தான்.

"அப்ப நீக்காமச் சேருங்க" என்றாள் பானு. "இந்த ஜீப்பில பாட்டில்லாத ஆளு இன்னொருத்தரும் இருக்காரு."

சொல்லிவிட்டு அவள் பின்னால் போய் ஏறிக்கொண்டாள். அவன் மேல் அம்புக்குறிப் பக்கமே போகவில்லை. கோப்பின் பெயரை முழுவதுமாக அடித்தான், மறுபடி மறுபடி படித்தான், நட்சத்திரம் எதுவும் இல்லையே என்று என்னிடமே கேட்டான். இல்லை என்றேன். என்டர் தட்டினான்.

மறுநாள் காலை பானு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "எம் பேரு வரலேன்னா அங்கனயே எறங்கிருவேன்" என்று சொல்லித்தான் மூக்கம்மாள் ஏறினாள். உடுக்கை அடித்தது. எட்டிப் பார்த்தாள். திரையை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சாய்ந்துகொண்டாள்.

மெட்டு நெருங்கியது. புல்லாங்குழல் தொடங்கியது. சாய்ந்திருந்த மூக்கம்மாள் நிமிர்ந்தாள். பழைய நினைப்பில், தன் பெயரை எவராவது மறுபடி எடுத்துவிட்டார்களோ என்று பார்த்திருப்பாள்.

"இது யாரு பாட்டு? ரெண்டு பேரு இருக்க மாதிரி இருக்கு?"

பேச்சி வாயைத் திறப்பதற்குள் பானு முந்திக்கொண்டாள். "பானுப்பிரியா, யோகராஜ்" என்று நிறுத்தி நிதானமாக அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

யோகராஜ் கண்ணாடியைப் பார்த்தான். எதிரே கேரளத்து லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. சட்டென்று ஸ்டியரிங்கை ஒடித்து ஒதுங்கினான்.

மூக்கம்மாள் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். பாட்டு முக்கால்வாசி ஓடியிருந்தது.

"கண்ணாடியப் பாக்காதீக மாப்ளே" என்றாள். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க. எம் பொண்ணு வாசல்ல நிப்பா."

மெட்டில் டீக்கு நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு வந்து, யாரும் சொல்லாமலேயே முன்சீட்டை விட்டுவிட்டு நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.