ஒரே அழுத்தில் மூடும் கணக்கு

டப்ளினில் இணையச் சட்டக் கண்காணிப்பு அதிகாரி ஓர்லா. கணக்கை மூடும் பொத்தானை ஒன்பது பக்கங்களுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த ஓர் இணையக் கடைத் தளத்தோடு ஓராண்டு மல்லுக்கட்டி, அதை முதல் பக்கத்துக்கே இழுத்துவந்துவிட்டாள். இனி ஒரே அழுத்தில் கணக்கு மூடிவிடும்.

மறுமாதம் அந்த நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் டோனல் வந்தார்.

“எத்தனை பேர் மூடினாங்க?” என்றாள் பெருமையாக.

“ஒருத்தர்கூட இல்ல. இவ்ளோ சுலபமா விட்டா எவன் நம்புவான்? மோசடின்னு திட்டித்தான் எழுதறாங்க. இதப் பாருங்க.”

அவர் நீட்டிய கைபேசியில் ஒரு வாடிக்கையாளரின் புகார் இருந்தது: ‘பொத்தானைக் காட்டி ஏமாத்தவா பாக்குறீங்க? என் பொண்ணு கண்காணிப்பு ஆபீஸ்ல பெரிய அதிகாரி. அவளுக்குத் தெரிஞ்சா தொலைஞ்சீங்க!’

கீழே ஓர்லாவின் அப்பா பெயர்.