பட்டினிப் பாத்தி

பாத்திக்குள் மறுபடியும் கால்தடம். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

சோதனை வயலின் பொறுப்பாளர் வரப்பில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் சுள்ளென்று அடிக்கிற காலைப் பத்து மணி, பேய் உலாவுகிற நேரமா அது? ஆனாலும் சுண்டுவிரல் இல்லாத கால் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது.

அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். நான்கு நெல் பாத்திகளுக்கும் யூரியாவை நிறுத்துப் போட்டவர் அவர்தான். ஒவ்வொரு பாத்தியும் ஒரு அறை அகலம். முதல் பாத்திக்கு ஒன்றுமே கிடையாது. மற்றவற்றுக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை, இரண்டு மூட்டை, மூன்று மூட்டை என்ற கணக்கு. ஒன்றும் போடாத பாத்தியோடு வைத்துப் பார்த்தால்தான் எத்தனையாவது மூட்டை வரைக்கும் போட்ட காசு நெல்லாகத் திரும்புகிறது என்று தெரியும். அதற்குப் பட்டினிப் பாத்தி என்று பேர் வைத்ததும் தராசுதான். ஒரு கிராம் சிந்தினாலும் பொறுக்கி எடுக்கிற மனுஷர்.

ஒன்பது வருஷமாகப் பட்டினிப் பாத்தி மற்றதற்குச் சளைக்காமல் விளைந்தது. மண் நல்ல மண், ஒரு மூட்டையே போதும், அதற்கு மேல் வீண் செலவு என்று அவள் விவசாயிகளுக்கு எழுதிக் கொடுத்தாள். அவளுடைய அண்ணன்தான் முதல் ஆளாக ஒரு மூட்டையோடு நிறுத்திக்கொண்டான். பத்து நாளாக அவனிடமிருந்து போன் மேல் போன்.

"பயிர் மஞ்சளா நிக்குதும்மா. இன்னொரு மூட்டை போட்டுடவா?"

"வேண்டாண்ணே, கணக்கு சரியாத்தான் இருக்கு."

தங்கச்சி சொன்ன பிறகு அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த தராசின் மனைவியை அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தப் பாத்திக்கு யாராவது உரம் போடுறாங்களா?"

அந்த அம்மா மழுப்பவில்லை. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினாள்.

"நான்தான். அவரு இருந்தவரைக்கும் அவரு போட்டாரு. மத்ததெல்லாம் சாப்பிடுது, இது மட்டும் பார்த்துக்கிட்டு நிக்குதேன்னு அவருக்குத் தூக்கமே வராது. சாகுறப்போகூட என் பேரைச் சொல்லல, அதுக்கு ரெண்டு கை போட்டுடுன்னுதான் சொன்னாரு. ஒவ்வொரு பயிருக்கும் மூணு தடவை, ரெண்டு ரெண்டு கை. அதுல என்ன குறைஞ்சிடும்?"

பொறுப்பாளர் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அறையளவு பாத்திக்கு ஆறு கை என்றால் ஏக்கருக்கு இரண்டு மூட்டை. ஒன்பது வருஷ ஆராய்ச்சியும் மண்ணோடு மண். அந்த மனுஷர்மேல் கோபப்படக்கூட அவளால் முடியவில்லை.

"போட்டதுதான் போட்டீங்க, சேத்துல இப்படியா மிதிக்கிறது?"

"நானா? நான் உள்ளே இறங்கவே மாட்டேனே. வரப்புல நின்னுதான் வீசுவேன்."

அந்த அம்மா குனிந்து தடத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. பொட்டலத்தைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டாள்.

"அப்போ இந்தத் தடவை நான் போட வேண்டியதில்ல," என்று சொல்லிவிட்டுக் களை பறிக்கப் போனாள்.

பொறுப்பாளர் உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, இன்னொரு மூட்டை போட்டுடு. இன்னைக்கே போடு."

"கதிர் வெளியே வந்துடுச்சும்மா. இனிமே போட்டு என்ன ஆகப்போகுது?" அவன் குரலில் கோபமே இல்லை. "உன் பேச்சை நம்பி பக்கத்து வயல்காரங்க பதினோரு பேரையும் நான்தான் போட வேண்டாம்னு தடுத்து வச்சேன். கணக்கு சரின்னுதானே சொன்னே?"

எதிரே பட்டினிப் பாத்தி வயிறு நிறைந்து, மற்ற மூன்றையும்விடக் கரும்பச்சையாக நின்றது.