சிலை என்றால் இலை

அந்தக் குடியிருப்பில் அவனை மைக்செட் என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது மாடியில் நின்று அவன் மனைவியிடம் சீப்பு எங்கே என்று கேட்டால், கீழே தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருப்பவர் பதில் சொல்லலாம். அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டு இயந்திரம் ஓட்டுகிறவன். பதினாறு வருடம் அந்த இரைச்சலுக்குள் நின்று காது மந்தமாகி, அதற்கு ஈடாகக் குரல் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்க்கும் அவன் மனைவியும் அவனோடு பேசிப் பேசியே கத்தப் பழகிவிட்டாள். "உப்புதானே கேக்குற, எதுக்கு சண்டைக்கு வர்ற?" என்று கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். ஏழு வயது. ஏழாம் மாதத்திலேயே, உள்ளங்கையில் அடங்குகிற அளவில் பிறந்தவள் என்பதால் மிளகு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தவிர எல்லா இடத்திலும் அவள் மிளகுதான்.

கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் இரண்டாம் வகுப்பு டீச்சர் அவனை வரச் சொல்லியிருந்தார். குட்டி நாற்காலியில் முழங்கால் மோவாயில் முட்ட உட்கார்ந்தான். டீச்சர் மென்மையாகப் பேசுகிறவர். அவன் இரண்டு தடவை "என்னங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது.

"கணக்கு பரவாயில்ல சார். படிக்கவும் செய்யறா. சொல்வதெழுதுதல்தான் சுத்தமா வரல. இருபதுக்கு மூணு, இருபதுக்கு நாலு. நான் சொல்லும்போது கவனிக்கறதே இல்ல. என் முகத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கா."

"வீட்டுல நல்லாத்தான் பேசறா டீச்சர்."

"லீவுல தினம் இருபது வார்த்தை சொல்லி எழுத வைங்க. ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் இருபதுக்குப் பன்னண்டாவது எடுத்தா மூணாங்கிளாஸ். இல்லன்னா இதே கிளாஸ்ல இன்னொரு வருஷம்."

அவனுக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் ஷிப்ட். மனைவி விடிந்ததும் கிளம்பி மூன்று மணிக்குத் திரும்புவாள். இடைப்பட்ட ஒரு மணி நேரம் மிளகு கீழ் வீட்டு நர்ஸம்மாவிடம் இருப்பாள். ஆக, காலை முழுக்க அப்பாவும் மகளும்தான். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அவன் பாடப்புத்தகத்திலிருந்து வார்த்தைகளைப் பொறுக்கி ஆலையில் கத்துகிற அதே குரலில் சொன்னான்.

முதல் நாள் இருபதுக்குப் பதினேழு. இரண்டாம் நாள் பதினெட்டு.

அவனுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. "இவ்வளவு தெரிஞ்சு வச்சுக்கிட்டு அங்க போய் என்ன பண்ணிட்டிருந்த? திமிருதானே?" என்றான். மிளகு சிரித்தாள். அப்பா உரக்கப் பேசினால் அது கோபமா விளையாட்டா என்று அந்த வீட்டில் யாருக்கும் உடனே பிடிபடாது.

பத்தாவது நாள் நர்ஸம்மா படியேறி வந்தார். இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவர். கண்கள் சிவந்திருந்தன.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒட்டகம், பட்டாசு, மூக்குக்கண்ணாடின்னு காலையில இருந்து என் தலமேலயே பாடம் நடக்குது. எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. கண்ணு மூட முடியல."

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. மகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்கிற மனுஷி. "தப்புதாங்க்கா. இனிமே கொறச்சுக்கறேன்" என்றான்.

மறுநாளிலிருந்து குரலைத் தணித்துக்கொண்டான். தணித்துப் பேசுவது அவனுக்குப் பழக்கமில்லாத வேலை. தொண்டையைப் பிடித்துப் பிடித்து, புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிவைத்துக்கொண்டு சொன்னான். அன்றைக்கு இருபதுக்கு ஐந்து.

தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டான். அடுத்த நாள் நான்கு. அதற்கடுத்த நாளும் நான்கு. நோட்டைத் திருப்பிப் பார்த்தால் எரிச்சல் தலைக்கேறியது. சட்டை என்று சொன்னால் அட்டை என்று எழுதியிருந்தாள். சிலை என்றால் இலை. சிறகு என்றால் இறகு. தேர் என்றால் ஏர். எழுத்து மணிமணியாக இருந்தது. முதல் எழுத்தின் மெய்யை மட்டும் யாரோ கொத்திக்கொண்டு போன மாதிரி இருந்தது.

"பத்து நாள் முன்னாடி இதே வார்த்தையை ஒழுங்கா எழுதினல்ல?"

மிளகு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எழுதினியா இல்லையா?"

"எழுதினேன்."

"இப்ப என்ன கேடு?"

அவள் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தாள். அவன் திரும்பவும் சிலை என்றான், புத்தகத்துக்குப் பின்னாலிருந்து. அவள் திரும்பவும் இலை என்று எழுதினாள். அவன் கை தானாக எழுந்தது. பளாரென்று விழுந்தது.

அதுவரை அவளை அவன் அடித்ததில்லை. குரலே போதுமாக இருந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அழாமல், அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"புக்க கீழ எறக்குப்பா. வாய் தெரிய மாட்டேங்குது."

அவன் புத்தகத்தை இறக்கினான்.

"வாய் எதுக்குத் தெரியணும்?"

"வாயப் பாத்தாதானே என்ன சொல்றன்னு தெரியும்?" என்றாள் மிளகு. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை அப்பா ஏன் கேட்கிறார் என்பது போலப் பார்த்தாள்.

புத்தகத்தை மேசையில் வைத்தான். அவளை ஜன்னலைப் பார்த்து நிற்கச் சொன்னான். நான்கடி பின்னால் போய், நர்ஸம்மாவிடம் பேசுகிற அளவுக்குத் தணிந்த குரலில், "மிளகு, பார்க்குக்குப் போலாமா?" என்றான். அவள் எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஊஞ்சலாடலாமா?" என்றான். அசையவில்லை. கொஞ்சம் ஏற்றி, இன்னும் ஏற்றிச் சொன்னான். அவன் வழக்கமான குரலுக்கு வந்தபோதுதான் சட்டென்று திரும்பினாள். "என்னப்பா? கூப்டியா?"

அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரமே நர்ஸம்மா சொன்ன காது டாக்டரிடம் மூவரும் போனார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் மிளகை உட்காரவைத்து, தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் நின்று பார்த்தார்கள். கை தூக்கியதைவிடச் சும்மா இருந்த நேரம்தான் அதிகம். வெளியே வந்து, "நான் ஜெயிச்சுட்டேனா?" என்று கேட்டாள்.

டாக்டர் இளம் வயதுப் பெண். கோடு போட்ட தாளைக் காட்டிப் பொறுமையாக விளக்கினாள். உள்காதில் பழுது. ச, த, க மாதிரி மெல்லிய ஒலிகள் இவளை எட்டுவதே இல்லை. மிச்சத்தை உதடு பார்த்துக் கண்டுபிடிக்கிறாள். போனது திரும்பி வராது. இருப்பதும் குறையலாம்.

"இத்தனை வருஷம் வீட்டுல யாருமே கவனிக்கலையா?"

"நாங்க எப்பவும் சத்தமாத்தான் பேசுவோம்" என்றாள் மனைவி.

"கொறமாசக் குழந்தைன்னு போட்டிருக்கு. பிறந்தப்பவே காது டெஸ்ட் எடுத்திருப்பாங்களே?"

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை அவன் எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான். அந்த டெஸ்ட் எடுத்திருந்தார்கள். சரியாகத் தெரியவில்லை, ஆறு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சீட்டும் கொடுத்திருந்தார்கள். அப்போது ஆலையில் ஆள் குறைப்பு நடந்துகொண்டிருந்தது. லீவு கேட்கப் பயம். தொட்டிலருகே நின்று அவன் கூப்பிட்டால் குழந்தை திரும்பியது. "என் குரலுக்குத் திரும்புது பாரு, காதுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துப் போட்டது அவன்தான்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு தடவ சொன்னேன். பின்னாடி நின்னு கூப்ட்டா திரும்பறதில்லன்னு."

"சொன்ன."

"பிடிவாதம்னு சொன்னீங்க."

"ஆமா."

"அன்னிக்கு கன்னத்துல தடம் இருந்துச்சு. கேட்டேன். கதவுல இடிச்சிக்கிட்டேன்னு சொல்றா."

அன்றிலிருந்து அந்த வீட்டில் சத்தம் குறைந்துபோனது. மகளிடம் மட்டும் இருவரும் உரக்கப் பேசினார்கள். தங்களுக்குள் தேவைக்கு ஒரு வார்த்தை, அதோடு சரி. மைக்செட்டுக்கு என்ன ஆச்சு, பிளக்கைப் பிடுங்கிட்டாங்களா என்று மாடிப்படியில் யாரோ கேட்டார்கள்.

காது மெஷினுக்கு எழுதிக்கொடுத்தாயிற்று. அச்செடுத்து, செய்து வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். டெஸ்டுக்கு இருந்தது ஐந்து வாரம். அவன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். விடுமுறை என்பதால் அலுவலக அறையில் ஒரு கிளார்க் மட்டும் இருந்தார். டாக்டர் சீட்டின் நகலையும், "என் மகளை முன்னால் உட்காரவைத்து, முகம் தெரியும்படி நின்று வார்த்தைகளைச் சொல்ல வேண்டுகிறேன்" என்று அவனே கைப்பட எழுதிய கடிதத்தையும் உறையில் போட்டுக் கொடுத்தான். கிளார்க் அதை வாங்கி ஒரு தட்டில் வைத்தார். "எச்.எம். வந்ததும் பாத்துருவாங்க."

அந்த ஐந்து வாரமும் அவர்கள் விடாமல் எழுதினார்கள். அவன் புத்தகத்தைக் கையில் எடுப்பதே இல்லை. இருபது வார்த்தையை முந்தின நாளே மனப்பாடம் செய்துகொண்டு வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து சொல்வான். படமும் பழமும் மடமும் உதட்டில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை அவன் அதுவரை யோசித்ததே இல்லை. ஆகவே ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு வாக்கியத்துக்குள் வைத்துச் சொன்னான். பழம் தின்னேன், படம் பாத்தேன். மிளகு யோசித்துக் கண்டுபிடித்து எழுதினாள். பத்தொன்பது, இருபது, பத்தொன்பது. ஆனால் பதினோரு மணிக்கெல்லாம் சோர்ந்துபோய் நோட்டின் மேலேயே தலையைச் சாய்த்துவிடுவாள். ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாளே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கவனிப்பதே இல்லை என்றல்லவா டீச்சர் சொல்லியிருந்தார்.

டெஸ்ட் நாளன்று அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். பெற்றோர் வெளியே மரத்தடி பெஞ்சில் காத்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் வந்தார்கள். மிளகு கடைசியாக வந்தாள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். கணக்கு பதினாறு. வாசிப்பு பதினைந்து. சொல்வதெழுதுதல் ஆறு.

தலைமையாசிரியை அறைக்குப் போனான். டெஸ்ட் வைத்தது புதிதாக வந்த டீச்சர். அவரையும் கூப்பிட்டு விட்டார்கள். அவர் கையைப் பிசைந்தார்.

"எனக்கு யாரும் எதுவும் சொல்லல சார். நான் எப்பவும் நடந்துகிட்டேதான் சொல்வேன். காப்பி அடிக்கக் கூடாதுன்னு."

தலைமையாசிரியை கிளார்க்கின் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். உறை அடியில் கிடந்தது. ஒட்டினது ஒட்டினபடி. அவர் அதைப் பிரித்து நின்றபடியே படித்தார். படித்து முடித்து உட்கார்ந்தார்.

"தப்பு எங்க மேலதான். மறுக்கல. ஆனா வகுப்புப் பட்டியல் மேலிடத்துக்குப் போயிடுச்சு, மூணாங்கிளாஸ்ல இடமும் இல்ல. மெஷின் வந்து, பழகி, ஒரு வருஷம் நிதானமாப் படிக்கட்டும். குழந்தைக்கும் அதுதான் நல்லது."

நல்லது என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்குள் ஏதோ பொங்கியது. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கலாம். கத்தக்கூடியவன்தான். ஆனால் ஆறு வாரச் சீட்டைக் கிழித்த கை அவனுடையது. எந்த வாயோடு இவர்களைக் கேட்பது? எழுந்து வந்துவிட்டான்.

வெளியே மிளகு செருப்பு நுனியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகம் தெரியும்படி சொன்னான்.

"ஆறுதான் வந்திருக்கு."

"தெரியும்" என்றாள். "டீச்சர் ஆறு தடவதான் இந்தப் பக்கம் திரும்பினாங்க."

விடைத்தாளை அவன் கையோடு வாங்கி வந்திருந்தான். பிரித்துப் பார்த்தான். ஆறு வார்த்தைகள், ஒன்றிலும் பிழையில்லை. மற்ற பதினான்கு வரிகளில் எண்ணை மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். இந்த முறை அவள் எதையும் ஊகித்து எழுதவில்லை.

பள்ளி திறந்த அன்று மனைவி லீவு கிடைக்காமல் வேலைக்குப் போனாள். தலைவாரிப் பின்னிவிட்டு, மகளின் கன்னத்தில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்துவிட்டுப் போனாள். அவன்தான் கொண்டுபோய் விட்டான். போன வருடம் அவளோடு இருந்தவர்கள் வரிசையாகப் பக்கத்து அறைக்குப் போனார்கள். ஒருத்தி கையாட்டினாள். மிளகும் ஆட்டினாள். பிறகு பழைய அறைக்குள் நுழைந்து, தன்னைவிட அரைத்தலை குட்டையான பிள்ளைகளுக்கு நடுவே, காட்டிய முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அவன் வராந்தாவில் நின்றான். போன வருடத்து டீச்சர்தான். வணக்கம் சொன்னார், பெயர்களைக் கூப்பிட்டார், மிளகைப் பார்த்து ஒரு தடவை வாயை நன்றாகத் திறந்து ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். அதன் பிறகு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதிக்கொண்டே பேச ஆரம்பித்தார். மிளகு டீச்சரின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பியூன் வந்து, பெற்றோர் இங்கே நிற்கக் கூடாது என்றான். அவன் சரி என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மதிய ஷிப்டுக்குச் சோறு கட்ட வீட்டுக்குக் கிளம்பினான்.