எஞ்சின் ஜன்னலில் எடுத்த படம்

“ஏறுங்கோ எண்டால் ஏறுங்கோவன், சம்பந்தி கமராவோட—”

“முழங்கால் நோகுதெண்டு காலமையே—”

“—நிக்கிறார், பின்னாலை சனமும் நிக்குது—”

“—சொன்னனான் எல்லே, சிவநேசம்? உது கரி எஞ்சின். நான் ஓட்டினது கரண்ட் ரயில்.”

இரண்டாயிரத்து எட்டில், மொன்ட்ரியாலில் பாலத்துக்கு அங்காலை இருக்கிற ரயில் மியூசியத்தில், பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த ஒரு கறுத்த எஞ்சினடியில்தான் இந்த இழுபறி. சிவநேசத்தின் கைப்பையில் பழைய படமொன்று இருந்தது. பாரிசில், எஞ்சின் ஜன்னலால் தலையை நீட்டி அவள் புருசன் யோகேந்திரன் சிரிக்கிற படம். எண்பத்து நாலில் அதைப் பார்த்துத்தான் அவள் கழுத்தை நீட்டினாள். டிரைவர் மாப்பிள்ளை என்று சாவகச்சேரி முழுக்க ஒரே கதை. போன கிழமை மகளின் கலியாணம் முற்றானபோது, சம்பந்தி பேரின்பநாதனிடமும் அதையே அவிழ்த்து விட்டிருந்தாள். இன்றைக்கு அதேபோல ஒரு படம் எடுக்காமல் போனால் அவளுடைய வாய்க்கு என்ன மரியாதை?

மனுசன் ஏறினார். உள்ளே பித்தளைக் குழாய்களும் திருகுகளும். ஒன்றைத் தொட்டார்.

“இது... தண்ணி.”

“நீராவி, முசியே,” என்றார் அங்கே வழிகாட்டியாக நின்ற வெள்ளைக்காரக் கிழவர், பிரெஞ்சில், மெதுவாக.

யோகேந்திரன் இறங்கிவிட்டார். படம் எடுக்கவில்லை. விறுவிறென்று பின்னால் நின்ற பழைய பிரெஞ்சுப் பெட்டிக்குள் போனார். அங்கே போனதும் ஆளே மாறிவிட்டார். குனிந்து, ஒரு இருக்கையின் மூலையில் முழங்கையால் ஒரு இடி. இருக்கை பட்டென்று நிமிர்ந்தது.

“மூண்டு வருசமா எங்களுக்குத் திறபடேல்லை,” என்று வழிகாட்டி வாயைப் பிளந்தார்.

“சிகரெட் கட்டையெல்லாம் இதுக்குள்ளதான் போய் விழும்,” என்று யோகேந்திரன் பிரெஞ்சில் பொழிந்தார். “கண்ணாடிக்குப் பழைய பேப்பர். துணியெண்டால் கோடு விழும். கூட்டும்போது உள்ளுக்கிருந்து கதவடிக்குக் கூட்டவேணும். ஒரு பெட்டிக்கு ஒன்பது நிமிசம்.”

வழிகாட்டி கொப்பியை எடுத்து எழுதினார். சனம் கை தட்டியது. பேரின்பநாதன் கமராவை மறந்து நின்றார்.

“டிரைவரெண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும், தங்கச்சி. கூட்டித் துடைக்கிற வேலைகூடத் தெரிஞ்சு வச்சிருக்கிறார்.”

சிவநேசம் கை தட்டவில்லை. கலியாணமான முதல் கிழமையே அவர் சொன்னது ஞாபகம் வந்தது: எஞ்சின் பிடிச்ச கை, வீடு கூட்டுற தும்புத்தடி பிடிச்சால் நடுங்குமாம். அன்றைக்கு அவள் வாங்கிய தும்புத்தடியை இன்றுவரை கீழே வைக்கவில்லை. மொன்ட்ரியாலுக்கு வந்து பியர்பொன்ட்ஸ் பக்கம் மாடி வீடு வாங்கிய பிறகு படியும் சேர்ந்துகொண்டது.

கைப்பையைத் திறந்து படத்தை எடுத்தாள். ஜன்னலில் சிரிக்கிற முகத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள். வலக்கையில் கசங்கிக் கிடந்த பழைய பேப்பரை இன்றைக்குத்தான் பார்த்தாள். அவர் பக்கத்தில் போய், சம்பந்திக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“அப்ப, இருபத்துநாலு வருசமா எங்கட வீட்டைக் கூட்டினது நான் ஏனப்பா?”