சங்கக்கடைப் பெட்டி

குணலட்சுமியிடம் எதையும் ஒரே பேச்சில் விற்றுவிட முடியாது. தேங்காயென்றால் காதருகே வைத்துக் குலுக்குவாள், விற்கிறவனின் முகத்தைப் பார்ப்பாள், மறுபடியும் குலுக்குவாள். விற்கிறவன் தாலி கட்டிய புருசனாக இருந்தாலும் அதுதான் நடைமுறை. புருசன் பஞ்சலிங்கத்துக்குக் கொடிகாமம் சந்தையில் தேங்காய் வியாபாரம். “ஊரெல்லாம் என்னை நம்பி வாங்குது, இவள் ஒருத்திதான் குலுக்கிறாள்” என்று அவன் கூட்டாளி இளையதம்பியிடம் சொல்லிச் சிரிப்பான். அவளுக்கும் அது காதில் விழும். விழுந்தும் குலுக்குவாள்.

அப்படிப்பட்டவளின் ஊருக்குத்தான், கரண்ட் போய் இரண்டு வருசம் கழிந்த ஓர் ஆவணி மாதத்தில், அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தது ஏதோவொரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம். வெறுமையாகக் கிடந்த கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்துக்குள் ஒரு மேசை, மேசைமேல் பச்சை வயர்லெஸ் பெட்டி, பக்கத்தில் கார் பற்றரி, கூரையில் வெயிலைக் குடிக்கிற கண்ணாடித் தட்டு, அதற்கும் மேலே ஒரு நெடிய கம்பி. பட்டணத்து ஆசுப்பத்திரிக்குப் போவதென்றால் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடுகிற வான் கிடைக்க வேண்டும், கிடைத்தாலும் வழியில் குண்டு போடுகிற பொம்பர் வராமல் இருக்க வேண்டும். அதனால் இனி நோயாளி போகத் தேவையில்லை, நோயின் செய்தி போனால் போதும் என்றார்கள். பயிற்சி எடுத்த உள்ளூர்ப் பெட்டை கமலாவதி காலையில் பிள்ளைத்தாய்ச்சிகளின் பிரசரைப் பார்ப்பாள், சீனி வருத்தக்காரரின் சலத்தில், அதாவது சிறுநீரில், சீனி எவ்வளவு என்று சோதிப்பாள். பார்த்ததைப் பெட்டியில் சொல்வாள். பட்டணத்தில் இருக்கிற டொக்டர் கனிசியஸ் அதைக் கேட்டுவிட்டு, யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு என்று பெட்டிக்குள்ளிருந்தே சொல்லுவார்.

ஊர் சும்மா இருக்குமா? கம்பியைப் பார்த்துத்தான் ஹெலி வருகிறது என்றார்கள் சிலர். பெட்டிக்குள் கதைப்பதைப் பலாலி முகாமில் ஆமிக்காரன் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறான் என்றார்கள் வேறு சிலர். புது மருந்தை வெள்ளைக்காரன் எங்கள் உடம்பில் போட்டுப் பார்க்கிறான் என்று மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு கதை அடிபட்டது. குணலட்சுமி இவற்றில் எதையும் முழுதாக நம்பவில்லை. அதற்காக எதையும் தள்ளிவிடவும் இல்லை.

அவளுடைய சந்தேகம் வேறு. “முகம் தெரியாத ஆள் எப்பிடியடி வைத்தியம் பாக்கிறது? நாக்கை நீட்டச் சொல்லாமல், கையைப் பிடிச்சுப் பாக்காமல்? உந்தப் பெட்டிக்குள்ளை கதைக்கிறவர் டொக்டர்தான் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்று கமலாவதியிடமே கேட்டாள்.

“குணமக்கா, நான் அவரைக் கண்டிருக்கிறன். தங்கமான மனிசன்.”

“நீ கண்டனீ. நான் காணேல்லையே.”

ஆனாலும் பஞ்சலிங்கத்துக்குச் சீனி வருத்தம் முற்றி, இன்சுலின் ஊசியில்தான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. மருந்து கிடைப்பது பெட்டிக்காரர் மூலம் மட்டுமே. ஐஸும் குளிர்ப்பெட்டியும் இல்லாத காலத்தில், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் மருந்துக் குப்பியைப் புதைத்து வைத்து, விடியற்காலையில் ஊசியை அவித்தெடுத்து, அவள்தான் அவனுக்குக் குத்துவாள். அவன் சங்கக்கடையில் சலப் போத்தலைக் கொடுத்துவிட்டுச் சந்தைக்குப் போவான். கமலாவதி நீலத் தண்ணீருக்குள் சில சொட்டு விட்டுச் சூடாக்குவாள். நீலமாகவே நின்றால் சலத்தில் சீனி இல்லை. பச்சை, மஞ்சள் என்று போனால் கொஞ்சம் உண்டு. செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. பஞ்சலிங்கத்துக்கு ஆவணியும் புரட்டாதியும் பச்சையிலேயே கழிந்தன.

ஐப்பசியில் கந்தசட்டி வந்தது. அந்த வருசம் குணலட்சுமி விரதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. ஒரே மகன் நகுலேசன் ஏஜென்சிக்காரனோடு கனடாவுக்கென்று புறப்பட்டவன். பாங்கொக்கில் கண்டதாகக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. கடலில் கவிழ்ந்த படகுகளைப் பற்றியும், பிறநாட்டுச் சிறைகளில் மறியலில் கிடக்கிற பெடியளைப் பற்றியும் ஊர் கதைக்கும்போது அவள் எழுந்து போய்விடுவாள். பஞ்சலிங்கம் எழுந்தும் போகமாட்டான், வாயும் திறக்கமாட்டான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

விரதம் தொடங்கிய அன்று, வழக்கத்துக்கு மாறாக, கமலாவதி வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

“அக்கா, பஞ்சண்ணையும் விரதமோ?”

“ஏன் கேக்கிறாய்? விரதம் நான். அவருக்குச் சோறு கட்டிக் குடுத்துத்தான் விடுறன்.”

“இண்டைக்கு அவற்றை சலம் நல்ல நீலமாய் நிண்டது. ஒருநாளும் அப்பிடி நிக்கிறேல்லை. டொக்டர் யோசிக்கிறார். ஊசி போடுற ஆக்கள் பட்டினி கிடந்தால் சீனி அடியோடை இறங்கிப்போகும், ஆள் தப்பாதாம். ஆரும் விரதம் எண்டு தெரிஞ்சால் வானை அனுப்பி ஏத்திக்கொண்டு போய் ஆசுப்பத்திரி வாட்டிலை கிடத்துவன் எண்டு சொல்லிப்போட்டார். அண்ணையிட்டையும் சொன்னனான்.”

“நீலமெண்டால் நல்லதெண்டுதானே சொன்னனீ? இப்ப அதுவும் கூடாதோ?” என்றாள் குணலட்சுமி. பச்சை என்றாலும் குற்றம், நீலம் என்றாலும் குற்றம். வைத்தியமா, வம்பா?

மறுநாள் கமலாவதி மறுபடி வந்தாள். இந்த முறை முகம் கறுத்திருந்தது. சலம் செங்கல் நிறமாம். டொக்டர் ஊசி மருந்தைக் கூட்டச் சொல்லிவிட்டாராம்.

“நேற்று நீலம், இண்டைக்குச் செங்கல்லோ?”

“ஓம் அக்கா. அண்ணை வெளியிலை எங்கையோ இனிப்புச் சாப்பிடுறார்போலை.”

இது குணலட்சுமியின் மனசுக்குள் நேரே போய் இறங்கியது. ஏனென்றால் விரதத்துக்கு முந்தின இரவிலிருந்தே பஞ்சலிங்கம் இரவுச் சாப்பாட்டை ஒதுக்கினான். “சந்தையிலை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டன், பால் மட்டும் தா” என்றான். பகல் கட்டிக்கொடுத்த பொதியின் வாழையிலை வெறுமையாகத்தான் திரும்பியது. வீட்டுச் சோறும் தின்று, வெளியிலும் வயிறு முட்டத் தின்கிற மனிதன் என்ன மனிதன்? கந்தசட்டி நாளில், பெண்சாதி மகனுக்காகப் பட்டினி கிடக்க, இவன் எந்தக் கடையில் மீன்குழம்பு ஊற்றித் தின்கிறானோ என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவன் கிணற்றடிக்குப் போனபோது கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மணந்து பார்த்தாள். தேங்காய் மட்டையும் வியர்வையும் மணத்தன. மச்ச வாடை இல்லை. நல்லாய் வாய் கொப்பளிக்கிறார் கள்ளன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஊசியைக் கையில் எடுத்தபோது இன்னொரு சந்தேகம் குறுக்கே விழுந்தது. இத்தனை தின்கிறவனுக்கு ஏன் கன்னம் ஒட்டியிருக்கிறது? சாரத்தை ஏன் நாளுக்கு நாள் இறுக்கிச் செருகுகிறான்? பெட்டிக்குள் இருப்பவர் இவனைக் காணவில்லை. நிறத்தின் பேரைக் கேட்டுவிட்டு மருந்தைக் கூட்டச் சொல்கிறார். உடம்பைக் கண்டவள் இவள்தான். கூட்டுவதற்கு அவளுடைய கை ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கமாகப் போடுவதிலும் பாதியை மட்டும் இழுத்துக் குத்தினாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். கமலாவதி கேட்டபோது, “ஓம், சொன்னபடிதான்” என்று கண்ணைப் பார்த்தே பொய் சொன்னாள். சலமோ செங்கல்லிலிருந்து இறங்கவில்லை. டொக்டர் இன்னும் கூட்டச் சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள்.

சூரன்போர் நாள், விரதத்தின் ஆறாம் நாள். பின்னேரம் கோயிலுக்குப் போகவென்று அவள் தலை முழுகிவிட்டு நிற்க, இளையதம்பி சைக்கிளைப் போட்டுவிட்டுப் படலைக்குள் ஓடிவந்தான்.

“அக்கா, அண்ணைக்கு ஏதோ செய்யுது! சந்தையிலை இருந்து வரேக்கை சங்கக்கடைக்கு முன்னாலை விழுந்திட்டார்.”

அவள் ஈரத்தலையோடு ஓடினாள். பஞ்சலிங்கத்தைத் தூக்கிச் சங்கக்கடை மர வாங்கில் கிடத்தியிருந்தார்கள். குளித்தவன்போல உடம்பு முழுக்க வியர்வை. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் காணவில்லை. வாய் எதையோ பிதற்றியது. கமலாவதி பெட்டிக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டி இரைந்தது. பிறகு டொக்டரின் குரல்.

“கமலா, சீனி இறங்கின மாதிரித்தான் தெரியுது. விழுங்குவாரோ எண்டு பார். விழுங்கினால் சரிச்சுக் கிடத்தி, சீனியைக் கரைச்சுக் கரண்டியாலை பருக்கு. உடனை செய். ஓவர்.”

வயிற்றோட்டப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கவென்று கமலாவதி வைத்திருந்த சீனிப் போத்தல் அலுமாரியில் இருந்தது. அவள் கரைத்துக்கொண்டு வர, குணலட்சுமி குறுக்கே வந்து அந்தத் தம்ளரைப் பறித்தாள்.

“விசரே உனக்கு? காலமை செங்கல் நிறம் எண்டு சொன்னது நீதானே? சீனி தலைக்குமேலை நிக்கிற மனிசனுக்கு இன்னும் சீனியோ? ஆளைக் கொல்லப் பாக்கிறியளோ?”

“அக்கா, டொக்டர் சொல்லுறார்...”

“எந்த டொக்டர்? நான் ஒரு டொக்டரையும் காணேல்லை! நேற்றுக் கூடிப்போச்செண்டவர், இண்டைக்குக் குறைஞ்சுபோச்செண்டுறார். எங்கையோ இருந்துகொண்டு என்ரை மனிசன்ரை உயிரோடை விளையாடுறாரோ?”

பெட்டிக்குள்ளிருந்து குரல் அவசரப்படுத்தியது. கமலாவதி தம்ளருக்குக் கை நீட்டினாள். குணலட்சுமி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். கொடுத்தால் சாவானோ, கொடுக்காவிட்டால் சாவானோ, சொல்லித்தர ஒரு முகம் இல்லை. பஞ்சலிங்கத்தின் கை வாங்கிலிருந்து நழுவித் தொங்கியது.

அப்போதுதான் வாசலில் நின்ற இளையதம்பி தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

“அக்கா, குடுங்கோ, குடுங்கோ! அது அண்ணையின்ரை சலமில்லை. என்ரை.”

குணலட்சுமி தம்ளரோடு அவன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை கந்தசட்டிக்கு நேர்த்தி வைச்சவர். நகுலேசன் உயிரோடை இருக்கிறான் எண்டு ஒரு சேதி வரவேணுமாம். ஆறு நாளும் மிளகும் தண்ணியும், ராவிலை ஒரு மிடறு பால். முதல்நாள் நீலம் எண்டோடனை இந்தப் பிள்ளை விரதமோ எண்டு கேட்டிட்டாள். பிடிச்சுக்கொண்டு போய் வாட்டிலை போட்டால் நேர்த்தி முறிஞ்சுபோமெண்டு பயந்திட்டார். நீ நல்லாய்ச் சாப்பிடுறவன், உன்ரை சலமெண்டால் சாப்பிட்ட ஆளின்ரை நிறம் காட்டுமெண்டு என்னட்டை வாங்கிக் குடுத்தவர். சோத்துப் பொதியும் நான்தான் திண்டனான்.”

தின்கிறான் என்று சந்தேகப்பட்டாள். சட்டையை மணந்தாள். மனசுக்குள் கள்ளன் என்று திட்டினாள். தின்னாமல் இருப்பான் என்று மட்டும் அவளுக்கு ஒரு கணமும் தோன்றவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் குலுக்கிப் பார்த்தவள், பக்கத்தில் படுத்த மனிதனைத் தப்பான பக்கமாகக் குலுக்கிவிட்டாள்.

கமலாவதி பெட்டியில் விசயத்தைச் சொன்னாள். பிறகு டொக்டரின் குரல் வந்தது. இம்முறை அது கட்டளைபோல இல்லை, பயந்த மனிதனின் குரலாக இருந்தது.

“பட்டினி கிடந்த ஆளுக்கோ நான் மருந்தைக் கூட்டினனான்? கமலா, நான் சொன்ன அளவு முழுக்கப் போட்டவையோ எண்டு கேள். ஓவர்.”

குணலட்சுமி பெட்டியின் அருகே போனாள். எதில் கதைக்க வேண்டும் என்று தெரியாமல், அந்தப் பச்சைத் தகரத்தைப் பார்த்தே சொன்னாள்; கமலாவதி ஒலிவாங்கியை அவள் வாயருகே பிடித்தாள்.

“இல்லை ஐயா. நீங்கள் சொன்னது ஒருநாளும் போடேல்லை. பழைய அளவிலை பாதிதான் போட்டனான். எனக்கு உங்களிலை நம்பிக்கை இல்லை.”

“நல்ல காலம், அம்மா. நான் சொன்னதைப் போட்டிருந்தால் இப்ப அவர் இல்லை. இனி இதை மட்டும் நம்புங்கோ. சீனியைக் குடுங்கோ. வான் அனுப்புறன், வந்து சேரப் பொழுதுபட்டிடும். அதுவரைக்கும் நீங்கள் குடுக்கிறதிலைதான் இருக்கு. ஓவர்.”

அவள் வாங்கின் அருகே முழங்காலில் இருந்து, அவன் தலையைச் சரித்துப் பிடித்து, முதல் கரண்டியைப் பருக்கினாள். பாதி கடைவாயால் வழிந்தது. மறுபடி பருக்கினாள். தொண்டை அசைந்தது. இளையதம்பி ஒரு மூலையில் குந்தியிருந்து கண்ணைத் துடைத்தான். கமலாவதி அவனை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டே, “அண்ணை, நாளைக்கு நீங்களும் ஒருக்கா இஞ்சை வாங்கோ. செங்கல் நிறம் உங்கடையெண்டால், வருத்தமும் உங்களுக்குத்தான்” என்றாள். அவனுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

மெல்ல மெல்ல வியர்வை காய்ந்தது. பஞ்சலிங்கத்தின் கண் கூரையைக் கண்டது, கமலாவதியைக் கண்டது, பிறகு குணலட்சுமியிடம் வந்து நின்றது. நாக்கால் உதட்டைத் தடவினான். முகம் மாறியது.

“என்னத்தைத் தந்தனீ?”

“சீனித்தண்ணி.”

“விடிஞ்சால் பாறணையடி.” அவன் எழும்பப் பார்த்தான். “ஒரு ராத்திரிதானே கிடந்தது. முறிச்சுப்போட்டியே. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?”

அவன் குழந்தைபோல அழுதான். அவன் சொல்வது உண்மையாகவே இருந்தால்? அந்த ஆறாம் நாளின் முடிவில்தான் மகனின் உயிர் தொங்கிக்கொண்டிருந்ததென்றால்? பெட்டியைச் சந்தேகித்தது பெரிய காரியமில்லை. இந்தச் சந்தேகம் இனித் தன்னை விடாது என்று அவளுக்குத் தெரிந்தது. சேதி வராத ஒவ்வொரு நாளும் இந்தக் கரண்டி கண்ணுக்கு முன்னால் வரும்.

தூரத்தில், சூரன்போர் தொடங்க, கோயில் மேளம் கேட்டது.

“ஓம். நான்தான் முறிச்சனான்,” என்றாள். “முருகன் கேட்டால் என்னட்டைக் கேக்கட்டும். பிள்ளையின்ரை பழியும் என்ரை தலையிலை கிடக்கட்டும். நீங்கள் வாயைத் திறவுங்கோ.”

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தான். குடிக்கிறாரோ என்று பெட்டிக்குள் டொக்டர் கேட்டார். அவள் கரண்டியை அவன் உதட்டிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு சொட்டு அவன் தாடியில் விழுந்தது.

அவன் வாயைத் திறந்தான்.