ஜன்னலுக்கு மேலே ஒரு சாண்

முக்காலியில் ஏறி நின்று, திரைக்கம்பியின் கொக்கியைச் சுவரில் திருகிக்கொண்டிருந்தாள் தையல்காரி. பழைய துளை ஜன்னல் சட்டத்தை ஒட்டியே இருந்தது. அதைப் பூசி மூடிவிட்டு, ஒரு சாண் மேலே புதுத் துளை போடச் சொன்னது அவள்தான். குள்ளமானவர்களுக்கு இடுப்பை ஏற்றித் தைத்தால் கால் நீளமாகத் தெரியும். அறைக்கும் அதே கணக்கு. திரை உயரத்திலிருந்து விழுந்தால் பார்க்கிறவர் கண் ஜன்னலோடு நிற்காமல் மேலே போய்வரும். கூரையே ஏறிவிட்டதாக மனசு நம்பிவிடும். கம்பியை இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டியும் விட்டிருந்தாள். ஒதுக்கினால் துணி சுவர்மேல் போய் நின்றுகொள்ளும். கண்ணாடி முழுக்க வெளிச்சத்துக்குத்தான்.

"இறங்கு, நான் போடறேன். விழுந்து வெச்சா வர்றவங்க வீட்டப் பாக்கறதா உன்னப் பாக்கறதா" என்றான் கீழே முக்காலியைப் பிடித்திருந்த கணவன். அவன் பிளம்பர். விரல் இடுக்குகளில் வெள்ளைச் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.

"நீங்க போட்டா கோணலாப் போகும்."

"கோணலா இருந்தாத்தான் என்ன? நம்ம வீடா இது?"

அவள் அடுத்த கொக்கியை எடுத்தாள். நாலு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள்.

வாடகை வீடு. முன்னறையில் தெருவைப் பார்த்த ஜன்னலடியில் அவளுடைய தையல் மிஷின். தெருவில் போகிறவர்கள் அந்த ஜன்னல் வழியாகவே துணியைக் கொடுப்பார்கள், அளவு சொல்வார்கள், திட்டுவார்கள், வாங்கிப் போவார்கள். போர்டு கிடையாது. அந்த ஜன்னல்தான் போர்டு. வேறு தெருவுக்குப் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒருத்தி மிஷின் போட்டிருந்தால் அதுவும் இல்லை.

வீட்டை விற்கப் போவதாக ஓனர் சொல்லியனுப்பியபோது, விவரத்தோடு வந்தவர் புரோக்கர். இடுப்பில் எந்நேரமும் பத்துப் பதினைந்து வீட்டுச் சாவிகள் தொங்குவதால் பிளம்பர் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர் வைத்திருந்தான். சாவிக்கொத்து அன்றைக்கு டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி எல்லாவற்றையும் விளக்கினார்.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு விலைம்மா. வாடகைக்கு விடறதுக்கு வாங்கறவன், வர்ற வாடகையப் பெருக்கிப் பாத்து ஒரு விலை சொல்லுவான். அவனுக்குச் செவுத்து மேல ஆசை கிடையாது. ஏற்கெனவே ஆளு குடி இருக்கற வீடுன்னா அவனுக்குச் சந்தோஷம். தானே குடியிருக்க வாங்கறவன், இங்க கட்டில் போடலாம், அங்க அலமாரி வெக்கலாம்னு கனவு கண்டு ஒரு விலை சொல்லுவான். அது எப்பவும் ரெண்டு படி மேல."

"அப்ப ஓனரு மேல இருக்கற படியத்தான கேப்பாரு?" என்றான் பிளம்பர்.

"கேப்பாரு. ஆனா எடுத்த எடுப்புல ரொம்ப ஏத்திச் சொல்லிட்டா வீடு கிடந்த சரக்காயிடும். முதல்ல வர்றவங்கதான் நெஜமா வாங்கறவங்க. அவங்க போயிட்டா, அப்புறம் வர்றவன் 'இவ்வளவு நாளா ஏன் போகல, என்ன குத்தம்'னு மோந்து பாப்பான். அதனால நடுவுல ஒரு விலை வெச்சிருக்கோம்."

நடுவில் வைத்த விலைக்குச் சற்றுக் கீழே கேட்டு ஒருவர் வந்தார். மருந்துக்கடைக்காரர். அறைகளைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க பாட்டுக்கு இருங்க, மாசா மாசம் வாடக வந்தாப் போதும்" என்றார். அவர் போனதும் சாவிக்கொத்து தையல்காரியிடம் குரலைத் தாழ்த்தினார். "வெல கொஞ்சம்தான் இடிக்குது. வீடு பளிச்சுனு இருந்தா அவரே ஏறி வந்துடுவாரு. உங்க கையிலதான் இருக்கு."

அதிலிருந்துதான் ஆரம்பித்தது. பெயின்ட் ஓனருடையது, கை இவர்களுடையது. பாதிச் சாமான்களைக் கட்டிப் பரணில் ஏற்றினாள். தரை எவ்வளவு தெரிகிறதோ அறை அவ்வளவு பெரியது. மங்கல் பல்புகளைக் கழற்றி எல்லா அறைக்கும் ஒரே நிற வெளிச்சம் போட்டாள். குளியலறைச் சுவரில் வெகுநாளாக உப்பிக்கிடந்த ஈரத்தைப் பிளம்பர் பார்த்துக்கொண்டான். நல்ல வேலையைப் பார்த்தவர்கள் விட்டுப் போக மாட்டார்கள். அவள் தொழில் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஆனால் இன்று வருகிறவர் மருந்துக்கடைக்காரர் இல்லை. "சும்மா ஒரு பார்ட்டி. வேற ஆளும் பாக்கறான்னு தெரிஞ்சாத்தான் அவருக்குச் சூடு ஏறும்" என்று போனில் சொல்லியிருந்தார் சாவிக்கொத்து. காலையிலிருந்து பிளம்பருக்கு அது சரியாகப் படவில்லை.

"இந்தா பாரு. குடியிருக்கறதுக்குன்னு வந்தாங்கன்னா, செவுத்துல ஈரம் ஏறும்னு ஒரே ஒரு வார்த்த போடு. ஓடிருவாங்க."

"ஓனரு பக்கத்துல நிப்பாரே?"

"அவரு மாடிக்குப் போவாரு. அப்பச் சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க. என் மூஞ்சியப் பாத்தா எவன் நம்புறான்?"

மிஷின்மேல் பூப்போட்ட விரிப்பை மூடி, அதன்மேல் கண்ணாடி ஜாடியில் இரண்டு பூக்களை வைத்தாள். பார்த்தால் மேசை என்றுதான் தோன்றும்.

நாலு மணிக்குச் சற்று முன்பே வந்துவிட்டார்கள். சாவிக்கொத்து முன்னால், கைகளைப் பின்னால் கட்டிய ஓனர் நடுவில், பின்னால் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண்ணின் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வந்ததுமே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, ரூமு எவ்வளவு உசரமா இருக்கு பாருங்க!"

தையல்காரியின் கண் திரைக்கம்பிக்குப் போனது.

ஓனரும் அந்தப் பெண்ணின் கணவனும் சாவிக்கொத்தும் மாடிக்குப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் குளியலறை வாசலில் நின்று, சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"அக்கா, உங்களத்தான் கேக்கணும். இந்தச் செவுத்துல ஈரம் வருமா? இப்ப இருக்கற வீட்ல அந்த ஈரத்தாலதான் பாப்பாக்கு எப்பப் பாத்தாலும் இருமல்."

மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரும் இறங்கவில்லை. தையல்காரி குழந்தையைப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"மழக்காலத்துல கொஞ்சம்..."

"இருந்துச்சும்மா, இப்ப இல்ல" என்றான் பிளம்பர்.

தையல்காரி திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரும் மழத்தண்ணின்னுதான் நெனச்சாங்க. மேல மேல பெயின்ட் அடிச்சிட்டே இருந்தாங்க. மழன்னா மேலேர்ந்துல்ல இறங்கணும்? இது நடுவுல உப்புச்சு. அப்பவே சந்தேகம். ஒடைச்சுப் பாத்தா, மாடிக் குழாயில இந்த எடத்துல ஒரு இணைப்பு, மயிரிழை வெடிப்பு. குழாயத் திறந்தா மட்டும் கசியும், மூடினா நின்னுடும். எப்படிக் கண்டுபிடிப்பாங்க? பழசப் பூரா எடுத்துட்டுப் புதுசு போட்டு, தண்ணிய ரொப்பி வெச்சுப் பாத்து, செவுரு நல்லாக் காஞ்சப்புறம்தான் பூசினேன். ஈரத்தோட பூசினா உள்ளயே ஊறும். இனிமே இருவது வருசத்துக்கு..."

அங்கே அவன் வாய் நின்றுவிட்டது. பூசிய இடத்தின்மேல் வைத்த கையை மெல்ல எடுத்துக்கொண்டான்.

"நீங்களே செஞ்சீங்களாண்ணே?" என்றாள் அந்தப் பெண். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மாடியிலிருந்து இறங்கி வந்தவர்கள் அதிகம் பேசவில்லை. பேச வேண்டியதை மேலேயே முடித்திருந்தார்கள் போலிருந்தது. கணவனும் மனைவியும் ஓரமாகப் போய்க் காதோடு காதாக ஏதோ சொல்லிக்கொண்டார்கள். திரும்பி வந்து, சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பேரம் இல்லை.

"எப்ப சார் காலியாக் கெடைக்கும்?"

"மாசக் கடைசியில" என்றார் ஓனர், யாரையும் பார்க்காமல்.

"அண்ணே" என்றாள் தையல்காரி புரோக்கரிடம். "மருந்துக்கடைக்காரரு?"

சாவிக்கொத்து இடுப்புச் சாவிகளைக் கையால் பொத்திக்கொண்டார். "அவரு வெலைக்கு இது எப்படிம்மா? நீங்க இவ்வளவு நல்லா வெச்சதுக்கப்புறம்?"

"தெர அழகா இருக்கு சார். இதுவும் சேத்துத்தான?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தாராளமா" என்றார் ஓனர். "வீட்டுல அடிச்சிருக்கறது எல்லாம் வீட்டோடதான்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வந்து நின்றார்கள். "டெய்லரக்கா! ஜாக்கெட் ஆச்சா?" திரை மூடியிருந்தது. தையல்காரி குரல் கொடுக்கவில்லை. நிழல் சற்று நின்று பார்த்துவிட்டு நகர்ந்துபோனது.

"கட்டில் இங்கதாங்க. வெளிச்சம் நல்லா வருது" என்றாள் அந்தப் பெண், திரையை ஒதுக்கிப் பார்த்து. "அக்கா, டேப் ஏதாவது இருக்குமா?"

விரிப்பின் கீழே கையை விட்டு, மிஷின் இழுப்பறையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துக் கொடுத்தாள் தையல்காரி. பூ ஜாடியை இறக்கி வைத்தாள். பிளம்பரும் சாவிக்கொத்தும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷினை நடுஅறைக்கு நகர்த்தினார்கள். அது இருந்த இடத்தில் நான்கு கால்களும் தரையில் பதித்த நான்கு குழிகள் தெரிந்தன. அவள் எவ்வளவு தேய்த்தும் போகாதவை.

"அந்த முனையக் கொஞ்சம் பிடிச்சுக்கங்கக்கா."

அவள் குனிந்து, டேப்பின் முனையைச் சுவரோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அந்தப் பெண் மறுமுனையோடு பின்னால் நடந்தாள்.

"தொய்யுதுக்கா. நல்லா இறுக்கிப் பிடிங்க."

தையல்காரி இறுக்கிப் பிடித்தாள்.