சத்தியம் பண்ணாத சாட்சி

1

இந்தக் கதையில் பாதிதான் நான் கண்டது. என் வேலி வழக்குக்காக மட்டக்களப்புக் கோர்ட்டு வாங்கில் குந்தியிருந்தேன். சாட்சிக் கூண்டில் ஏறிய ஒருத்தி வேதப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்றாள். என் வழக்குக்கு வேறு நாள் தவணை போட்டார்கள். நான் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். மிச்சம் என் கட்டுக்கதை.

2

அவளுக்குத் திரேசம்மா என்று பெயர் வைத்தேன். வாவிக்கரையில் இறால் விற்கிறவள். பக்கத்து வீட்டு அலன் தோணி எஞ்சின் களவெடுத்தான் என்று வழக்கு. எஞ்சின் போன அந்த மத்தியானம் அவன் இவளுடைய கூரைக்குக் கிடுகு கட்டிக்கொண்டிருந்தான். கண்டது இவள் ஒருத்தி. சொல்லாவிட்டால் அவன் மறியலுக்குப் போவான், கம்பி எண்ணுவான்.

"வேதத்திலயே சத்தியம் பண்ண வேணாமெண்டு கிடக்கு ஐயா. அதுக்கு மேலயே கையை வெக்கச் சொல்றீங்க."

நீதவான் நல்ல மனுசன். (கெட்டவனாக்கினால் எனக்கு வேலை சுகம். ஆக்கவில்லை.) புத்தகம் வேண்டாம், வாயால் உறுதிமொழி சொன்னால் போதும் என்றார்.

"அதுவும் சத்தியம்தான் ஐயா, சட்டை மாத்திப் போட்டிருக்கு."

கோர்ட்டு சிரித்தது. அலன் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வா என்றார் நீதவான்.

3

வெளியே பங்குச் சுவாமியார் பிடித்துக்கொண்டார்.

"நான் சொல்றன், பாவமில்ல. கையை வை."

"நீங்க சொன்னா வேதம் மாறுமா ஃபாதர்?"

அலனின் பெண்சாதி மேர்லின் நிறைமாத வயிற்றோடு வந்தாள். "மாமி, உங்கட வேதம் பெரிசா, என்ட புருசன் பெரிசா?"

திரேசம்மா அழுதுகொண்டே அவளைக் கட்டிப் பி—

இல்லை. இவள் அழுகிற ஆளில்லை.

"அவன் என்ட கூரையில இருந்தான். ஆரு கேட்டாலும் சொல்லுவன் புள்ள. சத்தியம் பண்ணினாத்தான் உண்மையெண்டா, இவ்வளவு நாளும் நான் பேசினது பொய்யா?"

"பொய்யோ மெய்யோ, எனக்கு அவர் வேணும்."

இந்த இடத்தில் எனக்குத் திரேசம்மாவைப் பிடிக்காமல் போயிற்று. பிடிவாதம் அவளுடையது, மறியல் அடுத்தவனுக்கு.

4

அவள் கையைப் புத்தகத்தில் வைக்கிறதாக எழுதினேன். அடித்துவிட்டேன். உண்மைக் கள்ளனைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அது என் சோம்பல். கள்ளன் தானாகக் கோர்ட்டுக்கு வந்து நான் கண்டதில்லை.

ஆகவே அவள் மறுபடி கூண்டில் நிற்கிறாள். கடைசித் தரமாகக் கேட்கிறார் நீதவான்.

"அலன் அண்டைக்கு என்ட கூரையில இருந்தான்."

சத்தியமில்லாமல் சொன்னது சாட்சியமில்லை, எழுதாதே என்கிறார். எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கிறார்.

நான் எழுதிவிட்டேன். நீங்கள் வாசித்தும்விட்டீர்கள். வாசித்த நீங்கள் அவளிடமும் சத்தியம் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை.

அலனை விடுவதா? சொல்லுங்கள். மேர்லின் வாசலில் நிற்கிறாள்.